தட்டுவடை செட்டுக்கு ஒரு ரோபோ

“உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு கைவேலையை எடுத்துக்கோங்க. அதை ஒரு ரோபோ செய்யணும்னா என்னென்ன வேணும்னு வரைஞ்சு கொண்டு வாங்க.”

ரோபாட்டிக்ஸ் பேப்பருக்கு எங்கள் சார் கொடுத்த அசைன்மென்ட் இவ்வளவுதான். அப்போது மணி இரவு எட்டே முக்கால். வகுப்பில் பதினேழு பேர் இருந்தோம். பாதிப் பேர் காலை ஷிப்டு முடித்துவிட்டு வந்தவர்கள், மீதிப் பேர் அப்படியே நைட் ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள். மின்வாரியத்தில் இருக்கும் நண்பர் கம்பம் ஏறுவதை எடுத்துக்கொண்டார். நூல் மில்லில் இருப்பவர் அறுந்த நூலை இணைப்பதை எடுத்தார். அதற்கு ஏற்கெனவே மெஷின் இருக்கிறது, வேறு கொண்டு வாருங்கள் என்று சார் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் தட்டுவடை செட்டை எடுத்தேன். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: உள்ளங்கையில் அடங்கும் சின்னத் தட்டுவடை இரண்டு, நடுவில் பச்சைச் சட்னி, காரச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், கொஞ்சம் வெங்காயம். மாலையானால் தள்ளுவண்டிகளில் கூட்டம் நிற்கும். வகுப்பே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. “நல்ல பிராப்ளம்தான். செஞ்சு பாருங்க” என்றார். அதற்கு முன்னால், நான் ஏன் முப்பத்திரண்டு வயதில் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

2011-ல் டிப்ளமோ எலெக்ட்ரிக்கல் முடித்தேன். அன்றிலிருந்து சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு சேகோ ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் வேலை. மரவள்ளிக் கிழங்கு லாரியில் வரும். கழுவி, தோல் நீக்கி, அரைத்து, பாலை வடிகட்டி, ஸ்டார்ச் ஆக்குவார்கள், ஜவ்வரிசி ஆக்குவார்கள். மிச்சமாகும் திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போகும். எங்கும் ஈரம், எங்கும் வெள்ளை மாவு, லேசான புளித்த வாசனை. மோட்டார் நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள், ஓடினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். பத்து வருஷம் இப்படியே போனது. டிப்ளமோவுக்கு ஒரு உயரம்தான், அதற்கு மேல் கூரை தட்டும் என்பது ஒரு காரணம். புது லைன் போட வந்த ஒரு சின்னப் பையன், என்னைவிடப் பத்து வயது இளையவன், லேப்டாப்பைத் திறந்து ஏதோ தட்டிவிட்டு, “இனிமே இதைத் தொடாதீங்கண்ணா” என்று சொல்லிப் போனது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் அதிகம் உறுத்தியது.

பகுதிநேர பி.இ. என்பது டிப்ளமோ முடித்து வேலை பார்ப்பவர்களுக்கானது. மூன்றரை வருஷம், ஏழு செமஸ்டர், வகுப்பு மாலையில். ‘ரோபாட்டிக்ஸ் அண்ட் ஆட்டோமேஷன்’ என்றே பெயர் வைத்த முழுநேரப் படிப்பு தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டுப் போய் அதில் உட்கார எனக்கு வசதியில்லை. எலெக்ட்ரிக்கலில் சேர்ந்து, ஆட்டோமேஷன் பக்கம் இருக்கிற பேப்பர்களை எல்லாம் பொறுக்கிக்கொண்டேன்.

முதல் வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தூக்கம், அவ்வளவுதான். கணக்கு மறந்து போயிருந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்க, அதே மேஜையில் நான் லாப்லாஸ் அட்டவணையை ஒப்பித்தேன். அவளுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. இரவு பைக்கில் திரும்பும்போது ஏற்காட்டு மலையில் விளக்குகள் வரிசையாகத் தெரியும். அதைப் பார்த்தால் வீடு இன்னும் இருபது நிமிஷம் என்று கணக்கு.

உற்சாகம் வந்தது பி.எல்.சி. பாடத்தில். மெஷின் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று புரோகிராம்படி முடிவு செய்கிற தொழிற்சாலைக் கணினி அது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மின்சாரத்தாலேயே இயங்கும் சுவிட்சுகளான கான்டாக்டரும் ரிலேயும்தான். அந்தப் பையன் லேப்டாப்பில் காட்டியது ஏதோ மந்திரம் என்று நினைத்திருந்தேன். புத்தகத்தைத் திறந்தால் ஏணிப்படம்: இரண்டு பக்கமும் நெடுக்குக் கோடு, நடுவில் படிகள், ஒவ்வொரு படியிலும் கான்டாக்ட், கடைசியில் காயில். பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் வயரிங் படத்தை நான் எத்தனை தடவை படித்திருப்பேன்! அதே படம்தான். 1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பலகைகளைப் பிரித்து மறுபடி வயரிங் செய்கிற தொல்லைக்கு மாற்று கேட்டது. டிக் மோர்லியும் அவருடைய கூட்டாளிகளும் மாடிகான் 084 என்ற பெட்டியைச் செய்தார்கள். அவர்களுடைய 84-வது புராஜெக்ட், அதனால் அந்தப் பெயர். தொழிற்சாலை எலெக்ட்ரீசியன் புதிதாக ஒரு மொழி கற்கத் தேவையில்லாமல், அவர் ஏற்கெனவே படிக்கிற படத்தையே புரோகிராம் ஆக்கிவிட்டார்கள். அதாவது, ‘தொடாதீங்கண்ணா’ என்று சொல்லப்பட்ட அந்தப் பொருள் என்னைப் போன்றவன் தொடுவதற்காகவே செய்யப்பட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில் பாதி, கோபத்தில் பாதி.

அடுத்தது கன்ட்ரோல் பேப்பர். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஃபேக்டரியில் ஸ்டார்ச் உலர்த்தும் டிரையர் ஒன்று உண்டு. ஈர மாவைச் சூட்டுக்காற்றில் தூக்கி எறிந்து, குழாயில் பறக்கும்போதே காய வைக்கிற வகை. வெளியே வரும் காற்றின் சூட்டை ஒரு தெர்மோகப்பிள் அளக்கும், கன்ட்ரோலர் அதைப் பார்த்து ஸ்டீம் வால்வைத் திறந்து மூடும். சீசன் தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் ‘ஹன்டிங்’ ஆரம்பிக்கும். சூடு 8 டிகிரி மேலே போகும், 8 டிகிரி கீழே வரும், மறுபடி மேலே. நான் என்ன செய்வேன்? கன்ட்ரோலர் தன் எண்களைத் தானே சரிசெய்துகொள்ள வைக்கும் ஆட்டோ டியூன் பட்டனை அழுத்துவேன். ஆட்டம் நிற்கும். ஆனால் அதற்குப் பிறகு கன்ட்ரோலர் மந்தமாகிவிடும்; ஈர மாவு கொஞ்சம் கூடுதலாக விழுந்தால் சமாளிக்காது, மூட்டையில் ஈரம் நிற்கும். திட்டு எனக்கு வரும்.

டிரையரில் பல வருஷமாக நிற்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாவைக் கையில் பிடித்துப் பார்த்து, விரித்து, அது உதிர்கிற விதத்தை வைத்தே ஈரம் சொல்வார். ஒரு நாள் என்னிடம், “தம்பி, அந்த மீட்டர் தூங்கிட்டு இருக்குது. கொழாயில கை வச்சா சூடு மொதல்லயே தெரியுது, மீட்டர் அப்புறமாத்தான் எந்திரிக்குது” என்றார். சரிங்க, சரிங்க என்று தலையாட்டிவிட்டுப் போனேன். அவருக்கு என்ன தெரியும் என்று மனசுக்குள் நினைத்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கன்ட்ரோல் வகுப்பில் ஜீக்ளர், நிக்கல்ஸ் என்ற இருவரின் 1942-ஆம் வருஷத்து முறையைச் சார் நடத்தினார். கன்ட்ரோலர் எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்பதை, அதாவது கெயினை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் சூடு ஒரே சீராக ஏறி இறங்கி ஆடும், அடங்காது, பெருகவும் செய்யாது. அந்தக் கெயினையும், ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அதில் 0.6 பங்கு கெயின், பாதி நேரம், எட்டில் ஒரு பங்கு நேரம் என்று பி.ஐ.டி. என்ற வகைக் கன்ட்ரோலரின் மூன்று எண்களையும் எடுத்துவிடலாம். நான் தினமும் திட்டு வாங்கிய ஹன்டிங்கை இவர்கள் வேண்டுமென்றே வரவழைத்து, அதிலிருந்து அளவு எடுத்திருக்கிறார்கள்! ஆட்டோ டியூன் பட்டனும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. ஸ்வீடனின் ஆஸ்ட்ரோமும் ஹேக்லுண்டும் 1984-ல் வெளியிட்ட முறை அது. வால்வை மேலும் கீழும் தட்டிவிட்டுப் பொருளை ஆட வைத்து, ஆட்டத்தை அளக்கும்.

அப்புறம் சார் சொன்னார்: “சென்சார் தாமதமா சொன்னா, நல்ல கன்ட்ரோலரும் தப்பான நேரத்துல சரியான வேலையைச் செய்யும்.” எனக்குப் பெரியவர் ஞாபகம் வந்தது. தூங்குகிற மீட்டர்.

மறுநாள் டிரையரை நிறுத்தியதும் தெர்மோகப்பிளின் உறையைக் கழற்றினேன். விரல் தடிமனுக்கு மாவு ஒட்டி, வெந்து, கெட்டியாகி, சோற்றுப் பானையின் அடிபோல இறுகியிருந்தது. சூடு அந்த ஓட்டைத் தாண்டி உள்ளே போய்ச் சேர்ந்த பிறகுதான் மீட்டருக்குத் தெரியும். சீசன் தொடக்கத்தில் உறை சுத்தம், அதனால் பிரச்சினை இல்லை. நாள் போகப் போக ஓடு தடிக்கும், தாமதம் கூடும், ஆட்டம் வரும். நான் ஆட்டோ டியூன் அழுத்தும்போதெல்லாம் அந்த ஓட்டுக்கு ஏற்ற மாதிரி கன்ட்ரோலரை மந்தமாக்கிக்கொண்டிருந்தேன். தெர்மாமீட்டர் கெட்டிருக்க, நோயாளிக்கு வைத்தியம் பார்த்த கதை. உறையைச் சுரண்டி, மாவு நேராக அடிக்காத இடத்தில் மாற்றிப் பொருத்தி, வாரம் ஒரு தடவை கழற்றித் துடைக்க வேண்டும் என்று ரெஜிஸ்டரில் எழுதினேன். பிறகு செல்போனில் நேரம் பார்த்து, ஜீக்ளர்–நிக்கல்ஸ் சொன்னபடி எண்களைப் போட்டேன். முதலில் கொஞ்சம் துள்ளியது. அந்த முறையே கொஞ்சம் முரட்டுத்தனமானதுதான். கெயினைக் குறைத்தேன், அடங்கியது. பெரியவரிடம் போய்ச் சொன்னேன். “நாந்தான் அப்பவே சொன்னனே” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மூட்டையை வைக்கப் போய்விட்டார்.

இப்போது தட்டுவடைக்கு வருவோம்.

ரோபாட்டிக்ஸ் பேப்பரில் முதலில் மிரட்டுவது மேட்ரிக்ஸ், அதாவது கட்டம் கட்டமாக அடுக்கிய எண்கள். 1955-ல் டெனாவிட், ஹார்ட்டன்பர்க் இருவரும் கொடுத்த ஒழுங்கு: ஒவ்வொரு மூட்டுக்கும் நாலே எண்கள். கம்பியின் நீளம், முறுக்கு, தள்ளியிருக்கும் தூரம், திரும்பிய கோணம். மூட்டுகளின் மேட்ரிக்ஸ்களை வரிசையாகப் பெருக்கினால் விரல் நுனி எங்கே இருக்கிறது என்று வந்துவிடும். தலைவலி திரும்பி வரும் பாதையில்தான்: விரல் நுனி இங்கே வேண்டும், மூட்டுகள் எவ்வளவு திரும்ப வேண்டும்? இரண்டு மூட்டுக் கைக்கே இரண்டு விடை வரும், முழங்கை மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒரு பொருளை எந்த இடத்திலும் எந்தச் சாய்விலும் வைக்க ஆறு அச்சு, அதாவது தனித்தனியாக அசையும் ஆறு வழி, வேண்டும், இடத்துக்கு மூன்று, சாய்வுக்கு மூன்று. மனிதக் கைக்கு ஏழு இருக்கிறது. சந்தேகமிருந்தால் உள்ளங்கையை மேஜைமேல் அழுத்தி வைத்துக்கொண்டு, தோளையும் அசைக்காமல் முழங்கையை மட்டும் ஆட்டிப் பாருங்கள். கை இருந்த இடத்திலேயே இருக்கும், முழங்கை ஏறி இறங்கும். அதுதான் கூடுதலாகக் கிடைத்த ஏழாவது.

இந்தக் கண்ணோடு அம்மாபேட்டைப் பக்கம் ஒரு வண்டியில் நாலு நாள் மாலை போய் நின்றேன். வண்டி அக்காவுக்கு என்னை வாடிக்கையாளராகத் தெரியும், அதனால் விரட்டவில்லை. ஒரு பிளேட்டுக்கு ஐந்து செட். நேரம் பார்த்தேன், 38 நொடி. ஐந்து தட்டுவடையைப் பரப்புவார். ஒரே ஸ்பூனால் ஒரே இழுப்பில் சட்னி ஐந்திலும் படும். பீட்ரூட் கலவையை மூன்று விரலால் கிள்ளி வைப்பார். நான் ஐந்து கிள்ளலைத் தனித்தனியாக வாங்கிப்போய் மகளின் பள்ளிக்கு எதிரே இருக்கும் நகைக் கடைக்காரரிடம் நிறுத்தேன் (அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது). பெரிய வித்தியாசமில்லை. மேலே மூடி போடும்போது ஒரு சின்ன அழுத்தம், தட்டுவடை உடையாது, கலவையும் பிதுங்காது.

நாலாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். டப்பாவிலிருந்து எடுக்கும்போது ஒவ்வொரு தட்டுவடையும் இன்னொன்றின்மேல் லேசாகத் தட்டுப்படுகிறது. சில தட்டுவடைகள் பிளேட்டுக்கு வராமல் பக்கத்து டப்பாவுக்குப் போகின்றன. பேச்சு நிற்கவில்லை, கண்ணும் அங்கே இல்லை. “அது ஏங்க்கா அங்க போடுறீங்க?” என்று கேட்டேன். “விரிசல் உட்டிருக்கு தம்பி. சத்தத்துலயே தெரியுமே.” பானை வாங்கும்போது என் ஆத்தா தட்டிப் பார்ப்பாள், அதே சோதனை.

வரைபடம் போடத் தொடங்கினேன். தட்டுவடையை எப்படித் தூக்குவது? உறிஞ்சு கப் வேலைக்கு ஆகாது. மேலெல்லாம் கடலைப் பருப்பு மேடு, கொப்புளம், காற்று கசிந்துவிடும். இரும்பு விரல் என்றால் நொறுங்கிவிடும். தேடிக்கொண்டிருந்தபோது 2010-ல் கார்னெல், சிகாகோ பல்கலைக்கழகக்காரர்களும் ஐரோபோட் நிறுவனத்தாரும் சேர்ந்து வெளியிட்ட ஒரு பிடிப்பான் கண்ணில் பட்டது. விரலே கிடையாது. ரப்பர் பலூனுக்குள் காபித் தூள். பொருளின்மேல் அமுக்கினால் பலூன் அதன் உருவத்துக்கு வளையும், காற்றை உறிஞ்சினால் தூள் இறுகிக் கல்லாகிப் பிடித்துக்கொள்ளும், காற்றை விட்டால் மறுபடி இளகும். வாக்வம் பாக்கெட்டில் வரும் காபித் தூள் செங்கல் மாதிரி இருந்து, கத்தரித்ததும் பொலபொலவென்று ஆவதைப் பார்த்திருப்பீர்கள். அதே விஷயம்.

ஏற்காட்டுக் காபித் தூள் வீட்டிலேயே இருந்தது. பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரின் உறிஞ்சும் பக்கத்தை வாக்வம் பம்பாக வைத்துக்கொண்டேன். மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய பலூனில் மீதி இருந்தது. “என்னங்க, நூறு கிராம் தூளு!” என்றாள் மனைவி. போல்ட்டைத் தூக்கியது. எலுமிச்சம்பழத்தைத் தூக்கியது. சாவிக்கொத்தைக்கூடத் தூக்கியது. மகள் கை தட்டினாள். தட்டுவடையை வைத்தோம். பலூன் பக்கவாட்டில் கவ்வுவதற்கு ஒன்றுமே இல்லை, அது தட்டையாகக் கிடக்கிறது. இன்னும் கொஞ்சம் அமுக்கினேன், நாலாக உடைந்தது. ஒரு டஜன் உடைத்த பிறகு பலூனும் கிழிந்து, சமையலறை முழுக்கக் காபித் தூள். அன்று இரவு காபி கிடையாது.

கடைசியில் ஓரத்தை மூன்று பக்கம் தொட்டுத் தூக்குகிற சிலிக்கான் விரல், மேலே ஒரு கேமரா, விரிசலுக்கு ஒரு சின்ன மைக், விரிசல் விட்டதைத் தள்ள ‘ரிஜெக்ட்’ என்று எழுதிய பெட்டி, இப்படி ஒரு படம் போட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. கல்லூரிக்குக் கொண்டு போகும் வழியில் வண்டியில் நிறுத்தி அக்காவிடம் காட்டினேன்.

நன்றாகவே பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். “இந்தப் பொட்டி எதுக்கு?”

“விரிசல் விட்டது இதுல விழும்க்கா. வேஸ்ட்டு.”

“வேஸ்ட்டா? அதுதான தம்பி நொறுக்கல்!”

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நொறுக்கலை நான் வாரத்துக்கு இரண்டு தடவை சாப்பிடுகிறேன். தட்டுவடையை உடைத்துப் போட்டு அதே சட்னி, அதே கலவையைச் சேர்த்துக் கிளறித் தருவது. பக்கத்து டப்பா நொறுக்கலுக்குப் போகும் டப்பா. அக்காவின் வண்டியில் ரிஜெக்ட் என்று ஒன்று கிடையாது.

அதோடு விடவில்லை. “அது சரி, இந்த மிஷினு செட்டு போட்டுருச்சுன்னா நான் என்ன பண்றது? ஜனங்களோட பேசிக்கிட்டே போடுறது ஒரு வேலையா? மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து பீட்ரூட்டும் கேரட்டும் துருவுறேன் பாரு, தோள்பட்டை உட்டுப் போகுது. அதுக்கு ஒண்ணு பண்ணிக் குடேன்.”

“கடையில மிஷின் விக்குதேக்கா?”

“வாங்கிப் பாத்தாச்சு. தண்ணியா உடுது. தட்டுவடை நமத்துப் போயிரும்.”

அசைன்மென்ட்டுக்கு நல்ல மார்க்தான் வந்தது. ரிஜெக்ட் என்ற எழுத்தை அடித்துவிட்டு ‘நொறுக்கல்’ என்று எழுதியிருந்தேன். சார் அதை வட்டம் போட்டு, ஓரத்தில் ஒரு டிக் அடித்திருந்தார். மேட்ரிக்ஸில் ஒரு இடத்தில் மைனஸ் விட்டுப் போயிருந்தது, அதற்கும் வட்டம்.

இந்தச் செமஸ்டர் புராஜெக்ட் என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆறு அச்சுக் கை கிடையாது. ஃபேக்டரி ஸ்கிராப்பில் கிடந்த கால் ஹெச்.பி. மோட்டார், அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன வி.எஃப்.டி., எவர்சில்வர் துருவல் தட்டு, கை உள்ளே போகாதபடி நீளமான புனல், மூடி திறந்தால் நிற்க ஒரு லிமிட் சுவிட்ச், சிவப்பு எமர்ஜென்சி பட்டன். 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் பீட்ரூட் கூழாகிறது. 30-க்குக் குறைத்தேன், பரவாயில்லை. 22-ல் துருவல் நீளமாக விழுகிறது. இதற்குக் கீழே போனால் மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகி மோட்டார் சூடேறும், அதற்குத் தனியாக ஒரு விசிறி வைக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுத் திண்ணையில் வைத்து ஓட்டிக் காட்டினேன். விழுந்த துருவலை மூன்று விரலால் எடுத்து அழுத்திப் பார்த்தார். விரல் நுனியில் சிவப்பு ஈரம்.

“இன்னும் கொஞ்சம் மெதுவா ஓட்டு தம்பி.”

18-க்கு வைத்தேன். விசிறிக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன்.